நாணயத்துக்கு யார் சாட்சி?

முதல் முறையாகக் கடன் கேட்டு வருபவரிடம், இதற்கு முன் வாங்கிய கடனைக் காட்டு என்று கேட்பது எந்த வகையில் நியாயம்? 2025 ஆகஸ்டில், நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடரின்போது மக்களவையில் எழுப்பப்பட்ட ஒரு கேள்வியின் சாரம் ஏறத்தாழ இதுதான். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, முதல் முறை கடன் கேட்போரின் விண்ணப்பங்களை நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 6-ஆம் தேதியிட்ட முதன்மை வழிகாட்டுதலில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதாக நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி பதில் அளித்தார். கடன் வழங்குவதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்றும் அவர் தெளிவுபடுத்தினார்.

பதில் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவுறுத்தல் வேறு, ஆணை வேறு என்பதை வங்கிக் கிளையின் படியேறி இறங்கியவர்கள் நன்கு அறிவார்கள். குறைந்தபட்ச மதிப்பெண்ணை ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்றால், அதை ஒவ்வொரு வங்கியும் தன் விருப்பப்படி நிர்ணயித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் மறுபக்கம்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனம் என்ற ஏற்பாடு உருவானதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரு வங்கியில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டவர், அடுத்த தெருவில் இருக்கும் வேறொரு வங்கியில் புதிதாகக் கடன் பெற முடிந்த காலம் ஒன்று உண்டு. வங்கிகள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ள வழியில்லை. ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2000-ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004-இல் அதன் சேவை நடைமுறைக்கு வந்தது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2006 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது. பின்னர் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகியவையும் உரிமம் பெற்றன. எல்லாக் கடன் நிறுவனங்களும் இந்த நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று 2015 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது.

இந்த நிறுவனங்கள் தரும் மதிப்பெண் 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. தவணையை உரிய நாளில் கட்டினாரா, கடன் அட்டையின் வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறார், ஈட்டுக் கடன் எவ்வளவு, ஈடில்லாக் கடன் எவ்வளவு, குறுகிய காலத்தில் எத்தனை இடங்களில் கடன் கேட்டு விண்ணப்பித்தார் என்பனவற்றைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. கடனே வாங்காதவருக்கு இந்த அளவுகோலில் இடமே இல்லை. சிபில் அறிக்கையில் அவருக்கு எதிரே இருப்பது மைனஸ் ஒன்று என்ற குறிதான். கடனை ஒழுங்காகக் கட்டாமல் 500 மதிப்பெண் பெற்றவருக்காவது ஓர் எண் உண்டு. வாழ்நாள் முழுவதும் யாரிடமும் கை நீட்டாதவருக்கு அதுவும் இல்லை.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். கடன் படாமல் வாழ்வதே நாணயம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட சமூகம் இது. இன்றோ கடன் படாதவரின் நாணயத்துக்குச் சாட்சி இல்லை என்கிறது வங்கியின் கணினி. கடன் கிடைக்க வரலாறு வேண்டும். வரலாறு உருவாகக் கடன் கிடைக்க வேண்டும். நீச்சல் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பதைப் போன்றது இது.

தில்லியில் ஆசாத்பூர் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் காய்கறி வாங்கி, தள்ளுவண்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் வியாபாரியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். காலையில் வட்டிக்காரரிடம் முதல் வாங்குகிறார். மாலையில் வட்டியுடன் திருப்பித் தருகிறார். ஆண்டில் 300 நாள் கடன் வாங்கி, 300 நாளும் அடைக்கிறார். ஒருநாள் தவறினாலும் மறுநாள் வண்டி நகராது என்பதால், பெருந்தொழில் நிறுவனங்கள் எதற்கும் இல்லாத கட்டுப்பாடு அவருக்கு உண்டு. ஆனால் அந்த 300 நாள் நாணயம் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. அவர் வங்கிக்குப் போனால், கடன் வரலாறு இல்லை என்றே பதில் வரும். மீண்டும் அதே வட்டிக்காரரின் திண்ணைக்குத்தான் அவர் திரும்ப வேண்டும்.

நகரத்தில் அவர் என்றால், கிராமத்தில் குத்தகை விவசாயி. நிலப் பட்டா அவர் பெயரில் இல்லை. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வருகிறது. கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவனுக்குச் சொந்தமாக வருமானமே இல்லை. 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டத்தில் 50 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டிருக்கின்றன. இது சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சேமிப்புக் கணக்கில் பணம் போடுவதும் எடுப்பதும் கடன் வரலாறு ஆகாது. அந்தக் கணக்கிலேயே தகுதியுள்ளோருக்கு 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று வசதி உண்டு என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஏழைக்கு முதல் கடன் வரலாற்றை எழுதித் தருவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. எத்தனை கிளைகளில் அந்த வசதி தாமாக முன்வந்து சொல்லப்படுகிறது?

முடியாது என்று எவரும் சொல்லிவிடவும் முடியாது. கொரோனா பொதுமுடக்கத்தால் நடைபாதை வியாபாரிகள் முதலை இழந்து நின்றபோது, 2020 ஜூன் 1-ஆம் தேதி பிரதமரின் ஸ்வநிதி திட்டம் கொண்டுவரப்பட்டது. ஈடு எதுவும் கேட்காமல் முதலில் 10,000 ரூபாய்; அதைத் திருப்பிக் கட்டினால் 20,000; அதையும் கட்டினால் 50,000. உரிய காலத்தில் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியம். 2025 ஜூலை வரை 68 லட்சம் வியாபாரிகளுக்கு 96 லட்சத்துக்கும் அதிகமான கடன்கள் வழங்கப்பட்டிருப்பதாக அரசு தெரிவித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்ததுடன், முதல் கடனை 15,000 ரூபாயாகவும் இரண்டாவதை 25,000 ரூபாயாகவும் உயர்த்தியது. இரண்டாவது கடனை அடைத்தவருக்கு ரூபே கடன் அட்டை வழங்கவும் முடிவு செய்தது.

இந்தத் திட்டத்தின் உண்மையான பயன் 10,000 ரூபாயில் இல்லை. அந்தக் கடனுக்கு அரசின் உத்தரவாதம் இருந்ததால் வங்கி துணிந்து கொடுத்தது. கொடுத்ததால் வியாபாரியின் பெயரில் முதல் வரி எழுதப்பட்டது. அந்த வரி இருந்ததால் அடுத்த கடன் கிடைத்தது. முதல் படியை அரசு போட்டுக் கொடுத்தால், ஏறுவதற்கு ஏழைக்குத் தெரியும் என்பதையே இது காட்டுகிறது. நடைபாதை வியாபாரிக்குச் செய்ய முடிந்ததைக் குத்தகை விவசாயிக்கும், வீட்டு வேலைத் தொழிலாளிக்கும் ஏன் செய்ய முடியாது?

இதற்கு இன்னொரு முன்னுதாரணம் தமிழகத்திலேயே இருக்கிறது. 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-இல் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு வங்கி நாடு தழுவிய அளவில் தொடங்கியது. ஈடு கேட்காமல் கொடுத்த கடனைக் கிராமப்புறப் பெண்கள் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவார்கள் என்பதை வங்கித்துறைக்கு உணர்த்தியவை அந்தக் குழுக்கள்தாம். ஆனால் கடன் குழுவின் பெயரில் இருந்தது. கட்டிய பெண்ணின் பெயரில் இல்லை. உறுப்பினர் வாரியாகத் தகவலைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2016-இல்தான். அதற்கு முன் கால் நூற்றாண்டுக் காலம் வாரந்தோறும் சேமித்து, மாதந்தோறும் தவணை கட்டிய பெண்களின் நாணயம் குழுவின் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

2025 பிப்ரவரி 1-இல் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், சுயஉதவிக் குழு உறுப்பினர்களுக்கும் கிராமப்புற மக்களுக்கும் ஏற்ற 'கிராமீன் கடன் மதிப்பெண்' முறையைப் பொதுத்துறை வங்கிகள் உருவாக்கும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் நகரத்துக்கு ஒரு மதிப்பெண், கிராமத்துக்கு ஒரு மதிப்பெண் என்று இரண்டு வரிசைகள் உருவாகி, கிராமத்து மதிப்பெண்ணுக்குச் சிறு கடன் மட்டுமே என்ற நிலை வந்துவிடக் கூடாது. கிராமத்தில் ஈட்டிய நற்பெயர் நகரத்து வங்கிக் கிளையிலும் செல்லுபடியாக வேண்டும்.

மதிப்பெண்ணைக் கணக்கிடுவோரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் தனியார் நிறுவனங்கள்; அவற்றின் தாய் நிறுவனங்கள் வெளிநாட்டைச் சேர்ந்தவை. சிபிலின் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்திடம் இருக்கிறது. 2024 டிசம்பரில், குளிர்காலக் கூட்டத்தொடரின்போது மக்களவையில் இந்தப் பிரச்னையை எழுப்பியவர் சிவகங்கை உறுப்பினர் கார்த்தி சிதம்பரம். எந்த அடிப்படையில் மதிப்பெண் தரப்படுகிறது என்பதில் வெளிப்படைத்தன்மை இல்லை, தவறு நேர்ந்தால் சாமானியர் முறையிட உரிய வழியில்லை என்பது அவருடைய வாதம். கட்சி வேறுபாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தகவல்களின் துல்லியத்திலும் புகார்களுக்குத் தீர்வு காண்பதிலும் விதிகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று கூறி 2023 ஜூனில் ரிசர்வ் வங்கியே இந்த நான்கு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது. நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து அபராதத் தொகை ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். கோடிக்கணக்கானோரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நிறுவனங்களுக்கு இது பெரிய தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரிசர்வ் வங்கி சும்மா இருந்துவிட்டது என்று குற்றம் சாட்டுவதும் நியாயமல்ல. 2017 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். 2022 செப்டம்பரில் இந்த நிறுவனங்கள் குறைதீர்ப்பாளர் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. புகாருக்கு 30 நாள்களுக்குள் தீர்வு காணாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரி 1 முதல் தகவல்கள் 15 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. ஆனால் இந்த உரிமைகள் யாவும் ஏற்கெனவே ஏட்டில் பெயர் உள்ளவர்களுக்கானவை. ஏட்டுக்குள் நுழையவே முடியாதவர் எந்தக் குறையைத் தீர்க்கச் சொல்லிப் புகார் கொடுப்பார்?

கடன் வரலாறு இப்போது கடனோடு மட்டும் நிற்கவில்லை என்பது இன்னொரு கவலை. பழைய கடன்களின் தவணைகளை ஒழுங்காகச் செலுத்தாததைக் காரணம் காட்டி, ஒருவரின் பணி நியமனத்தைப் பொதுத்துறை வங்கி ஒன்று ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சரியென்று ஏற்றது. பொதுமக்களின் பணத்தைக் கையாளும் பணிக்கு நிதி ஒழுக்கம் அவசியம் என்ற நீதிமன்றத்தின் கருத்தை மறுக்க இயலாது. அதே வேளையில், மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. இரண்டு தீர்ப்புகளும் ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றன. வங்கியின் உள்விவகாரமாக இருந்த ஓர் எண், கல்வியையும் வேலைவாய்ப்பையும் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்படியானால் அந்த எண்ணை ஈட்டும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டாமா?

வங்கிகளின் தரப்பிலும் நியாயம் உண்டு. அவை கடனாகக் கொடுப்பது பொதுமக்களின் வைப்புத்தொகை. முன்பின் அறியாதவரிடம் அதைக் கொடுக்கத் தயங்குவது இயல்பே. அமைச்சரின் பதிலும், கடன் கொடுக்குமுன் உரிய விசாரணை செய்ய வேண்டிய பொறுப்பு வங்கிகளுக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. வரலாறு இல்லாதவருக்கெல்லாம் கடன் கொடுத்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விசாரித்துப் பார்த்து மறுப்பது வேறு. விசாரிக்காமலேயே மறுப்பது வேறு. வாடகை, மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம், அன்றாடம் கைப்பேசி வழியே வந்து சேரும் விற்பனைத் தொகை என ஒருவரின் ஒழுங்கை அறிய இன்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன. கடன் கேட்பவரின் சம்மதத்துடன் அவருடைய நிதி விவரங்களைப் பெறுவதற்கான ஏற்பாடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. தெரிந்துகொள்ள வழியில்லை என்று வங்கிகள் இனியும் சொல்ல முடியாது.

வங்கி கதவைச் சாத்தினால், திறந்திருக்கும் கதவு எது என்பதையும் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் பணம் தருகிறோம் என்று கைப்பேசியில் அழைக்கும் கடன் செயலிகள்தாம் இன்று பல இளைஞர்களின் முதல் கடன்காரர். எண்மக் கடன்கள் எவ்வளவு சிறியவையானாலும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. எனவே ஒரு கைப்பேசி வாங்கிய சில ஆயிரம் ரூபாய்த் தவணையில் நேர்ந்த தவறுகூட அறிக்கையில் ஏறும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டி முடித்தால், 'சமரசம்' செய்துகொள்ளப்பட்ட கடன் என்ற குறி விழும். நண்பருக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்டவரின் அறிக்கையிலும் அந்தக் கடன் இடம்பெறும். ஒரு தகவலைக் குறைந்தது ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இருபது வயதில் அறியாமல் செய்த பிழை, இருபத்தேழு வயதில் வீட்டுக் கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். இவையெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரப்படுவதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, 2025 ஜனவரி அறிவுறுத்தலைக் கட்டாய விதியாக ரிசர்வ் வங்கி மாற்ற வேண்டும். முதல் முறை கடன் கேட்டவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர், மறுக்கப்பட்டவர் எத்தனை பேர் என்ற விவரத்தை ஒவ்வொரு வங்கியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். கணக்குக் கேட்கப்படாத அறிவுரை காற்றோடு போகும்.

இரண்டாவதாக, கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. 2003-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நியாயமான நடைமுறை நெறிகளில் சிறு கடன்களுக்கு இது கூறப்பட்டது; 2007-இல் எல்லா வகைக் கடன்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் விண்ணப்பத்தையே வாங்காமல், கணினியைப் பார்த்துவிட்டு வாய்மொழியாகத் திருப்பி அனுப்பிவிட்டால் எழுத்தில் காரணம் எங்கிருந்து வரும்? விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டுத் தருவது கிளை மேலாளரின் கடமை என்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ஸ்வநிதி திட்டத்தைப் போல, சிறு தொகையில் தொடங்கிப் படிப்படியாக உயரும், அரசு உத்தரவாதமுள்ள முதல் கடன் திட்டம் பிற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் வேண்டும். நான்காவதாக, கடன் அறிக்கை அவரவர் தாய்மொழியில் கிடைக்க வேண்டும். தன்னைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைப் படிக்க முடியாதவர், அதிலுள்ள பிழையை எப்படிக் கண்டுபிடிப்பார்?

எல்லாவற்றுக்கும் மேலாக, 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கட்டாதவரை அடையாளம் காண்பதே அந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்தது. அந்த வேலையை அது செய்திருக்கிறது. கட்டக்கூடியவரை அடையாளம் காண்பது அன்று யாருடைய சிந்தனையிலும் இல்லை. நிதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்தச் சட்டத்தை முழுமையாக ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் இது.

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, ஈடு கொடுக்க முடிந்தவருக்கே கடன் என்ற நிலை மாறும் என்று ஏழைகளுக்கு வாக்களிக்கப்பட்டது. அன்று ஈடாகக் கேட்கப்பட்டது நிலமும் நகையும். இன்று ஈடாகக் கேட்கப்படுவது பழைய வரலாறு. கேட்கும் பொருள் மாறியிருக்கிறதே தவிர, கேட்கப்படுபவர் கைவிரிக்கும் நிலை மாறவில்லை. ஆசாத்பூர் சந்தையிலிருந்து வண்டி தள்ளி வரும் அந்த வியாபாரி நாளை காலையும் கடன் வாங்குவார், மாலையில் கட்டுவார். அந்தக் கணக்கு வட்டிக்காரரின் ஏட்டில் முடிவதா, வங்கியின் ஏட்டில் தொடங்குவதா என்பதற்கு அரசும் ரிசர்வ் வங்கியும்தான் பதில் சொல்ல வேண்டும்.